கணக்கு இருந்தால் வாக்கு உண்டா? இணைய அரசியல் ஆட்டத்தில் வாக்காளர் தகுதி

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒருவருக்கு வீடு இருக்கிறது. முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள், உள்ளே ஆத்தங்குடிக் கல் தரை. வீட்டு வரியும் பாக்கியில்லை. ஆனால் குடும்பம் இருப்பது சென்னையில். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் பூட்டைத் திறக்கிறார்கள். இவர் கானாடுகாத்தான் வாக்காளரா?

வீடு இருப்பதனால் மட்டும் ஆகிவிட மாட்டார் என்கிறது சட்டம். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-ஆம் பிரிவு: ஒரு தொகுதியில் வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பதாலோ வீடு தன் வசம் இருப்பதாலோ மட்டும் ஒருவரை அங்கே வழக்கமாக வசிப்பவராகக் கொள்ளக் கூடாது. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போயிருப்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவர் இல்லை என்றும் ஆகிவிடாது. அப்படியானால் எத்தனை நாள் இல்லாவிட்டால் ‘தற்காலிகம்’ தீர்ந்துபோகும்? சட்டம் நாள் கணக்கு எதையும் சொல்லவில்லை. சண்டை அங்கேதான் பிறக்கிறது.

வீடும் நிலமும் இல்லாத, இணையத்தில் மட்டும் இருக்கிற கற்பனை நாடுகளிலும் இதே சண்டை நடக்கிறது. எனக்குத் தெரிந்த காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அப்படியொரு ஆட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய ‘நாட்டில்’ வாக்காளர் தகுதி மசோதா ஒன்று வந்து, சில வாரங்களாக ஒருவரையொருவர் தின்றுகொண்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எதைப் பற்றிய சண்டை என்றே விளங்கவில்லை. அவர்களுக்காக இது.

முதலில் ஆட்டம். இணைய அரசியல் உருவக விளையாட்டு என்பது, ஆட வருபவர்கள் எல்லோரும் கற்பனை நாடு ஒன்றின் குடிமக்களாகி, அரசியல் சாசனம் எழுதி, கட்சி கட்டி, தேர்தல் நடத்தி, சட்டம் இயற்றி, வழக்கும் போடுகிற விளையாட்டு. மேக்ஸ் பேரி 2002-இல் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸில் ஒவ்வொருவரும் ஒரு நாட்டை உருவாக்கி ஆள்கிறார்கள்; நாடுகள் சேர்ந்து வட்டாரங்கள் அமைக்கின்றன; வட்டாரங்கள் பலவற்றுக்குச் சொந்தச் சட்டமும் தேர்தலும் உண்டு. பிரிட்டிஷ் மக்களவையை அப்படியே நகல் எடுத்து ரெடிட்டில் 2014-இல் தொடங்கிய ஆட்டம் இன்னொரு வகை. சில ஆட்டங்களில் வாக்காளர்களே கிடையாது. பிரசாரத்துக்கும் விவாதத்துக்கும் மதிப்பெண் போட்டு, நடுவர் குழு முடிவை அறிவிக்கும். அங்கே இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆடுகிறவர்களே வாக்களிக்கிற இடத்தில்தான், யார் ஆடுகிறவர் என்ற கேள்வி எழுகிறது.

விரல் இல்லாத வாக்காளர்

நிஜத் தேர்தலில் தகுதிக்கான பிடிமானங்கள் நான்கு. குடியுரிமை, 18 வயது, வசிப்பிடம், பட்டியலில் பெயர். இந்த நான்குக்கும் அடியில், யாரும் எடுத்துச் சொல்லாத ஐந்தாவது ஒன்று இருக்கிறது: உடம்பு. ஒருவருக்கு ஓர் உடம்புதான். அது ஒரே நேரத்தில் இரண்டு வாக்குச் சாவடியில் நிற்க முடியாது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து நாம் விரலில் வைத்துக்கொள்ளும் அழியாத மை அந்த உடம்பின் மேல் போடும் கையெழுத்துதான்.

இணையத்தில் மை வைக்க விரல் இல்லை. கணக்கு மட்டுமே இருக்கிறது. ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்தால் ஒரு கணக்கு. பத்து முகவரி கிடைத்தால் பத்துக் கணக்கு. ஆகவே இந்த ஆட்டங்களில் நீங்கள் பார்க்கப்போகும் தகுதி விதிகள் அத்தனையும், உடம்பு செய்யும் வேலையை வேறு எதையாவது கொண்டு செய்துவிடலாமா என்ற முயற்சிகளே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மசோதாவைப் படித்தால் பாதிச் சண்டை புரிந்துவிடும்.

ஒருவருக்கு ஒரு வாக்கா, ஒரு கணக்குக்கு ஒரு வாக்கா என்பது முதல் கேள்வி. கேட்டவுடன் பதில் தெரிந்ததுபோல் இருக்கும். ஆனால் எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது என்பது எந்தச் சமூகத்திலும் தானாக வந்ததில்லை. செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் வழக்கத்தையே பாருங்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சார்ந்துதான் ஒவ்வொரு குடும்பமும் இருக்கிறது. அங்கே எண்ணிக்கை தலைக் கணக்கில் இல்லை, புள்ளிக் கணக்கில். கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி. கோயிலிலிருந்து மாலை வரும், ஏட்டில் பெயர் ஏறும், புள்ளி வரி தொடங்கும். கல்யாணமாகாதவர் எத்தனை வயதானாலும் தனிப் புள்ளி இல்லை. குடும்பத்தை அலகாக வைத்து எண்ணிய ஏற்பாடு அது. வரிக்கும் உரிமைக்கும் அது பொருந்தி வந்தது. நேஷன்ஸ்டேட்ஸ் எடுத்த முடிவு வேறு மாதிரி. ஒருவர் எத்தனை நாடுகள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆட்டத்தின் ஐ.நா. போன்ற உலக மன்றத்தில் அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே இடம். கணக்குகள் பெருகுவதைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, எண்ணப்படும் கணக்கு எது என்பதை மட்டும் கட்டுப்படுத்திய புத்திசாலித்தனம் அது. பல வட்டாரங்கள் வாக்காளர் பட்டியலையும் அந்த உறுப்பினர் தகுதியோடு கட்டிவைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

நம் பிள்ளைகளின் ஆட்டத்தில் அப்படித் தயாராக ஒரு மன்றம் இல்லை. அவர்கள் பிடித்துக்கொண்டது இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐ.பி. முகவரியை. ஒரே முகவரியிலிருந்து இரண்டு கணக்கு வந்தால் இரண்டாவது செல்லாது என்று மசோதாவில் எழுதிவிட்டார்கள். எழுதிய மறுநாளே பள்ளத்தூரிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் சிக்கினார்கள். பெரிய வீடு. பங்காளிகள் நான்கு குடும்பம், நடுவில் வளவு என்னும் ஒரு உள்முற்றம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. அண்ணன் ஆளுங்கட்சி, தங்கை எதிர்க்கட்சியில் கொறடா. அவையில் இருவரும் பேசிக்கொள்வதைப் படித்தவர் எவரும் இருவரும் ஒருவரே என்று நினைக்க மாட்டார்கள். ஆனாலும் விதி விதிதானே. “அண்ணன் கணக்கை முதலில் தொடங்கினான், அதற்காக நான் இல்லை என்று ஆகிவிடுமா?” என்று கேட்டாள் தங்கை. நியாயமான கேள்வி. கல்லூரி விடுதியில் இருப்பவர்களுக்கும் இதே கதிதான்.

ஐ.பி. முகவரி சந்தேகத்தைத் தொடங்கி வைக்கலாம், தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் வாதம். ஒரே முகவரி தெரிந்தால் தேர்தல் அலுவலர் விசாரிக்கட்டும். இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் பேசுகின்றனவா, எழுத்து நடை ஒன்றா, ஒன்று வாக்களித்த மறு நிமிடமே மற்றதும் வாக்களிக்கிறதா என்று பார்க்கட்டும். வேண்டுமானால் இருவரையும் ஒரே அழைப்பில் பேசச் சொல்லட்டும். குரல் கேட்டால் முடிந்தது.

உடனே ஒருவர் எழுந்து, “எல்லோரும் சொந்தப் பெயரையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே” என்பார். ஒவ்வொரு ஆட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு பழைய கணக்கு. 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெரும்பாலோர் வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். தம் பெயரை அயலாரிடம் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்துகொண்டவர்கள். தேர்தல் ஆணையம் செய்தது தவறு என்று சொல்லிவிட முடியாது. பெயரில்லாமல் பட்டியல் எப்படி? ஆனால் அந்த விதியின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதைப் பாருங்கள். இணையத்திலும் சொந்தப் பெயரைச் சொன்னால்தான் வாக்கு என்று வைத்தால், முதலில் வெளியேறுவது பெண்கள்தான். பள்ளிப் பிள்ளைகளின் அடையாள அட்டைப் படத்தை ஒரு விளையாட்டுக்காக முன்பின் தெரியாத நிர்வாகியிடம் கொடுக்கச் சொல்வது ஆபத்தும்கூட. அதை எந்தப் பெற்றோரும் ஏற்கக் கூடாது.

எத்தனை நாள் முன்பு வந்திருக்க வேண்டும்?

இது எளிது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்தலுக்கு முதல் நாள் ஒரு வேட்பாளர் தன் நண்பர்கள் இருபது பேரைக் கூட்டிவந்து பதிந்தால் என்ன ஆகும்? ஆட்டம் அவருடையதாகிவிடும். நேஷன்ஸ்டேட்ஸில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். நாளில் இரண்டு முறை விளையாட்டு தன் கணக்குகளைப் புதுப்பிக்கும். அதற்குச் சற்று முன் ஒரு படையாக வட்டாரத்துக்குள் நுழைந்து, தங்களில் ஒருவருக்கு ஆதரவைக் குவித்து, வட்டாரத்தின் தலைமையான பிரதிநிதி பதவியைப் பிடித்துவிடுவார்கள். அது தெரிந்த வட்டாரங்கள் வாக்குரிமைக்குக் குடியிருப்புக் காலம் ஒன்றை வைத்துவிடுகின்றன.

நிஜ சட்டத்திலும் அதே தடுப்பு உண்டு. வேட்புமனுவுக்கான கடைசி நாள் முடிந்த பிறகு, அந்தத் தேர்தல் நடந்து முடியும்வரை பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்க முடியாது. வயதை அளக்கும் தேதியும் முன்பு ஜனவரி 1 ஒன்றுதான். ஜனவரி 2-இல் பிறந்தவர் 18 நிரம்பியும் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் சட்டத்தைத் திருத்தி ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று இன்னும் மூன்று தேதிகளைச் சேர்த்தார்கள். உங்கள் ஆட்டத்துக்கும் அதுவே பாடம்: காத்திருப்பு இருக்கட்டும், ஆனால் அடுத்த கதவு எப்போது திறக்கும் என்று புதியவருக்குத் தெரியட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தேர்தல் நடக்கிற ஆட்டத்தில் இரண்டு வாரம் போதும். மூன்று மாதம் என்று வைத்தால் புதியவர் முதல் வாக்கைப் போடுவதற்குள் சலித்துப் போய்விடுவார்.

பேசினால்தான் வாக்கா?

பெரிய சண்டை இதில்தான். கணக்கைத் தொடங்கிவிட்டு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லா ஆட்டத்திலும் உண்டு. தேர்தலன்று பழைய கட்சித் தலைவர் ஒருவர் தனியாகச் செய்தி அனுப்புவார். தூங்கும் கணக்குகள் விழித்தெழுந்து, வாக்கைப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும். நாள்தோறும் சட்டம் எழுதி, வரவு செலவுத் திட்டம் போட்டு, நீதிமன்றம் நடத்துகிறவர்களுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? திருவிழாவுக்கு வந்தவர் ஊர்ப் பஞ்சாயத்தைத் தீர்த்துவிட்டுப் போன கதை.

ஆகவே மசோதா சொன்னது: தேர்தலுக்கு முந்தைய 30 நாளில் 10 கருத்தாவது சொல்லியிருந்தால்தான் வாக்கு. பார்க்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 29-ஆம் நாள் இரவு ஒருவர் வந்து ‘வணக்கம்’, ‘அருமை’, ‘ஆமோதிக்கிறேன்’, ‘நானும்’ என்று வரிசையாகப் பத்துப் போட்டுவிட்டுத் தகுதி பெற்றுவிடுவார். தேவகோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி, அன்றைய விவாதம் முழுவதையும் படித்து, மாதத்தில் இரண்டே முறை ஆனால் இரண்டு பக்கத்துக்கு யோசித்து எழுதுகிற ஒருவர் தகுதி இழப்பார். விதி அளப்பது அக்கறையையா, விரல் வேகத்தையா? செமஸ்டர் தேர்வு மாதத்தில் தேர்தலை வைத்துவிட்டால் மாணவர்கள் மொத்தமாகப் பட்டியலைவிட்டு விழுவார்கள். தேர்தல் தேதியைக் குறிப்பவர் ஆளுங்கட்சிக்காரர் என்றால், அவர் கையில் நீங்கள் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டீர்கள்.

இங்கே ஒரு சோதனை உண்டு, யாரும் செய்து பார்க்கலாம். மசோதாவைப் போன தேர்தலின் வாக்காளர் பட்டியல்மேல் வைத்துப் பாருங்கள். யார் யார் விழுகிறார்கள்? எந்தக் கட்சிக்காரர்கள்? விழுந்தவர்களில் எத்தனை பேர் நீங்கள் தடுக்க நினைத்த தூங்கும் கணக்கு, எத்தனை பேர் உண்மையான ஆள்? நம் பிள்ளைகள் இதைச் செய்தபோது, மசோதாவைக் கொண்டுவந்த கட்சியிலிருந்து ஒருவர்கூட விழவில்லை. அதன்பிறகு விவாதத்தின் தொனியே மாறிவிட்டது. கொண்டுவந்தவர்கள் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. அதிகாரத்தில் இருப்பவர் எப்போதும் அதிகம் பேசுவார். பேச்சை அளவுகோலாக வைத்தால் அது அவருக்கே சாதகமாக வரும்.

இதற்குப் பதிலாக என்ன வைக்கலாம்? நேஷன்ஸ்டேட்ஸ் பேச்சை எண்ணுவதே இல்லை. 28 நாள் உள்ளே நுழையாவிட்டால் நாடு மறைந்துபோகும்; முன்கூட்டியே விடுமுறை என்று குறித்துவைத்தால் 60 நாள்வரை தாங்கும். அந்த விடுமுறை ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். பேறுகாலம், தேர்வு, வீட்டில் துக்கம் என்று மனிதர்களுக்கு ஆயிரம் இருக்கும். இன்னொரு வழி வருகைப் பதிவு. தேர்தலுக்கு முன் ஒரு வாரம் பட்டியலைத் திறந்து வைத்து, ‘இருக்கிறேன்’ என்று ஒரு சொல் போட்டவர்கள் எல்லோரும் வாக்காளர் என்று அறிவிப்பது. தூங்கும் கணக்கைத் தேர்தலன்று மட்டும் எழுப்புகிறவருக்கு இது இரட்டை வேலை. உண்மையான உறுப்பினருக்கு ஒரு நொடி வேலை. என்னைக் கேட்டால் இதுதான் போதுமானது.

வெளிநாடு போனவர்களை நம் சட்டம் நடத்தும் விதமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள், இந்தியக் குடியுரிமையை விடாதவரை, 2011 முதல் கடவுச்சீட்டில் உள்ள முகவரியைக் கொண்டு தம் ஊர்த் தொகுதியில் வாக்காளராகப் பதியலாம். ஆனால் வாக்கைப் போட நேரில்தான் வர வேண்டும், கையில் அசல் கடவுச்சீட்டோடு. உரிமை திறந்திருக்கிறது, ஆனால் விமான டிக்கெட் என்றொரு தகுதி, சட்டத்தில் எழுதப்படாமலேயே உள்ளே வந்துவிட்டது.

வாக்காளர் வேறு, வேட்பாளர் வேறு

விவாதத்தில் கோபம் ஏறும்போது கவனியுங்கள். “நேற்று வந்தவன் நாட்டை ஆள்வதா?” என்பார்கள். அது வேட்பாளரைப் பற்றிய கோபம். வாக்காளரைப் பற்றியது அல்ல. நிஜத்திலும் வாக்களிக்க 18, சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ நிற்க 25. நிற்பவருக்குக் கடுமையான விதி வைப்பதில் பெரிய கேடில்லை. பதவிக்கு வந்துவிட்டு ஆளே காணாமல் போனால் ஆட்டம் நின்றுவிடும். மாதம் 10 கருத்து என்ற விதியை வேட்பாளருக்கு வைத்திருந்தால் நானே ஆதரித்திருப்பேன்.

எப்படியும் யாராவது உத்திரமேரூர்க் குடவோலையை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு அது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்று அது பட்டியலிடுவது ஊர்ச் சபையின் குழுவான வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுகிறவரின் தகுதியை. வாக்காளர் தகுதிக்கு அதை மேற்கோள் காட்டினால் யாராவது ஒருவர் திருத்திவிடுங்கள்.

விதியை மாற்ற யாருக்கு வாக்கு?

தகுதி விதியை மாற்றும் மசோதாவின்மேல் வாக்களிப்பவர்கள் யார்? பழைய விதிப்படி தகுதி பெற்றவர்கள். புதிய விதியால் வெளியே தள்ளப்படப் போகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். உள்ளே வரக் காத்திருப்பவர்கள் இல்லை. 1921-இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது, அதற்கு வாக்களித்த சட்டமன்றத்தில் ஒரு பெண்கூடக் கிடையாது. அப்போதும் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. சொத்து இல்லாதவர்களில் பெரும்பாலோர் ஆணானாலும் பெண்ணானாலும் குடியரசு வரும்வரை காத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர் மனம் வைத்தால்தான் கதவு திறக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் பிறவிக் குறை. அதை முழுவதும் நீக்க வழியில்லை. குறைக்க வழி உண்டு.

தகுதி விதியைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்ற விடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்காவது வேண்டும். மாற்றம் அடுத்த தேர்தலுக்குச் செல்லாது, அதற்கு அடுத்ததிலிருந்துதான் என்று சாசனத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி இருந்தாலே பாதி மசோதாக்கள் வராது. வரப்போகிற தேர்தலில் வெல்வதற்காகத்தானே அவற்றைக் கொண்டுவருகிறார்கள்.

பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கும்போது அவருக்குச் சொல்லிவிட்டு நீக்க வேண்டும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. இங்கே வசிக்கவில்லை என்று சொல்லி ஒரு பெயரை நீக்குவதற்குமுன், அவர் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்று 1950 சட்டத்தின் 22-ஆம் பிரிவு கேட்கிறது. நீக்கிய பிறகு மேல்முறையீடும் உண்டு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீடு வீடாகப் படிவம் வந்ததையும், பூட்டிய வீட்டுக்காரர்கள் ஊருக்கு போன் போட்டு விசாரித்ததையும் இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். விளையாட்டில் இவ்வளவு சடங்கு தேவையில்லை. நீக்கப்படுகிறவருக்கு ஒரு செய்தி, பதில் சொல்ல மூன்று நாள், அதுவரை பெயர் பட்டியலிலேயே இருக்கும், முடிவை எழுதுபவர் அந்தத் தேர்தலில் போட்டியிடாதவர். நான்கு விஷயமும் ஒரே பத்தியில் அடங்கும்.

நம் பிள்ளைகளின் மசோதா இப்போது மூன்றாவது வாசிப்பில் இருக்கிறது. பத்துக் கருத்து விதி வேட்பாளருக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது, வருகைப் பதிவு உள்ளே வந்துவிட்டது, ஐ.பி. முகவரி விசாரணைக்கு மட்டும் என்று திருத்தியவர் பள்ளத்தூர் அண்ணனேதான். முன்னறிவிப்பு பற்றிய பத்தியை மட்டும் இன்னும் யாரும் சேர்க்கவில்லை. அது இல்லாமல் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தால், மற்ற எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எதிர்த்து வாக்களியுங்கள் என்றே கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன்.